பழைய ஜீப்பின் ஸ்டீயரிங்: பலத்துக்கு முன்னால் ஆட்டம்

பழைய ஜீப்பின் ஸ்டீயரிங்கை எப்படி மேம்படுத்துவது என்பது, பழைய வண்டிகளைச் சேர்த்து வைத்து அழகு பார்ப்பவர்களுக்கு மட்டுமான கேள்வியாகத் தோன்றலாம். நம் ஊரில் அது அப்படி இல்லை. வில்லிஸ் ஜீப்புகளை மகிந்திரா நிறுவனம் இந்தியாவில் பாகங்களைப் பொருத்தித் தயாரிக்கத் தொடங்கியது 1947இல். அந்தக் குடும்பத்தில் பிறந்த சிஜே-3பி, எம்எம் 540, கமாண்டர், மேஜர் வண்டிகள் மலையடிவார ஊர்களில் இன்றும் பிழைப்புக்காக ஓடிக்கொண்டிருக்கின்றன. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் தேவாரத்திலிருந்தும் இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்கு விடியற்காலையில் வேலைக்குப் போகிறவர்கள், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், காலங்காலமாக ஜீப்பில்தான் மலையேறுகிறார்கள். அந்த வண்டியின் முன்சக்கரம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை ஓட்டுநரின் கை தீர்மானிக்கிறதா, சாலையின் பள்ளம் தீர்மானிக்கிறதா என்பது உள்ளே இருப்பவர்களின் உயிரைப் பற்றிய கேள்வி. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் உரிமையாளர் முதலில் கேட்பது பவர் ஸ்டீயரிங்கை. நான் இங்கே சொல்ல வந்தது ஒன்றுதான்: மேம்பாடு சக்கரத்தில் தொடங்கி மேலே வர வேண்டும். மூட்டுகளின் ஆட்டம், அச்சின் கோணம், சாசியில் ஸ்டீயரிங் பாக்ஸின் பிடிமானம் ஆகியவை சரியான பிறகே விசையைக் கூட்ட வேண்டும். இந்த வரிசை புரண்டால், போட்ட பணம் ஆபத்தை மறைக்கத்தான் பயன்படும்.

இதைப் புரிந்துகொள்ள அந்த ஸ்டீயரிங்கின் அமைப்பைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போருக்காக 1941இல் வந்த வில்லிஸ் எம்பியிலும், 1953இல் வந்த சிஜே-3பியிலும் இருந்தது ராஸ் வகை ஸ்டீயரிங் பாக்ஸ். ஸ்டீயரிங் தண்டின் அடியில் சுருள் பள்ளம் வெட்டிய உருளை ஒன்று உண்டு. அந்தப் பள்ளத்தில் ஒரு நெம்புகோலின் இரண்டு கூம்பு முனைகள் உட்கார்ந்திருக்கும். உருளை சுழலும்போது முனைகள் பள்ளத்தில் வழுக்கி நகர்ந்து நெம்புகோலைத் திருப்பும். அங்கிருந்து டிராப் ஆர்ம், அதன் நுனியிலிருந்து முன்னோக்கி ஓடும் டிராக் லிங்க், பிறகு நடுவில் ஒரு தண்டைச் சுற்றித் திரும்பும் பெல் கிராங்க். பெல் கிராங்கிலிருந்து இடப்பக்கம் ஒரு டை ராடு, வலப்பக்கம் ஒரு டை ராடு. மூட்டுகளை எண்ணுங்கள். டிராக் லிங்கில் இரண்டு, பெல் கிராங்கில் ஒன்று, டை ராடுகளில் நான்கு, ஆக ஏழு. ஒரு சக்கரத்தை அடைய ஓட்டுநரின் கை அவற்றில் ஐந்தைத் தாண்ட வேண்டும். இரண்டு சக்கரங்களுக்கு இடையே உள்ள ஒற்றுமையைக் காப்பது டை ராடுகளின் நான்கு பந்துமுனைகளும் பெல் கிராங்கின் ஒரு புஷ்ஷும். போர்க்களத்தில் சில ஆண்டுகள் ஓடினால் போதும் என்று வடிவமைக்கப்பட்ட வண்டிக்கு இது தகுந்த அமைப்புதான். அடித்தால் நிமிர்த்தலாம், கழற்றினால் மாட்டலாம். ஆனால் அறுபது எழுபது ஆண்டுகள் ஓடப்போகிறது என்று அதை வரைந்தவர்கள் எண்ணியிருக்க முடியாது.

இப்போது ஒரு கணக்கு. தேய்ந்த மூட்டு ஒவ்வொன்றிலும் அரை மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அரை மில்லிமீட்டர் கண்ணுக்குத் தெரியாது, எந்தப் பட்டறையிலும் அதற்காக யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஐந்து மூட்டுகளில் அது 2.5 மி.மீ. ஆகிறது. சக்கரத்தைத் திருப்பும் இரும்புக் கை 15 செ.மீ. நீளம் என்றால், 2.5 மி.மீ. என்பது சக்கரத்தில் ஏறக்குறைய 1 டிகிரி. பாக்ஸின் விகிதம் பதினைந்துக்கு ஒன்று என்று கொண்டால், ஓட்டுநரின் கையில் அது 15 டிகிரி. நடுத்தர அளவுள்ள ஸ்டீயரிங் வீலின் விளிம்பில் 5 செ.மீ.க்கு மேல் சும்மா சுழலும். பாக்ஸுக்குள் இருக்கும் தேய்மானத்தையும் சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங் பின்னின் பேரிங் தளர்ச்சியையும் நான் இன்னும் இதில் சேர்க்கவே இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் குற்றமற்றவையாகத் தெரியும் மூட்டுகள் சேர்ந்து செய்யும் வேலை இது. அதனால்தான் ஒரு டை ராடு எண்டை மட்டும் மாற்றிவிட்டு "ஆட்டம் போகவில்லையே" என்று அலுத்துக்கொள்ளும் உரிமையாளர் ஏமாற்றப்பட்டவர் என்று சொல்லிவிட முடியாது. அவர் ஐந்தில் ஒரு பங்கு வேலையைச் செய்திருக்கிறார், அவ்வளவுதான்.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98ஆம் விதி ஸ்டீயரிங்குக்கானது. ஸ்டீயரிங் வீலில் ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக்கூடாது என்கிறது அது. பந்துமுனைகள் எல்லாவற்றுக்கும் ரப்பர் உறை வேண்டும் என்றும், இணைக்கும் போல்ட்டுகளும் பின்களும் கழன்றுவிடாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. விதியை எழுதியவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்த 30 டிகிரியை இலக்காக எடுத்துக்கொள்ளக்கூடாது. பதினைந்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் 30 டிகிரி என்பது சக்கரத்தில் 2 டிகிரி. சிஜே-3பியின் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 80 அங்குலம், அதாவது சுமார் 2 மீட்டர். அவ்வளவு குட்டையான வண்டியில் சக்கரம் 2 டிகிரி திரும்பினால், 30 கி.மீ. வேகத்தில் ஒரே விநாடியில் வண்டி ஏறக்குறைய 60 செ.மீ. பக்கவாட்டில் போயிருக்கும். ஓட்டுநர் ஸ்டீயரிங்கை அசைக்காமலே இது நடக்கலாம். ஒரு கல்லில் சக்கரம் ஏறி இறங்கினால் போதும். மலைச்சாலையில் 60 செ.மீ. என்பது எதிரே வரும் பேருந்துக்கும் நமக்கும் இடையே உள்ள தூரம், அல்லது தார் விளிம்புக்கும் பள்ளத்தாக்குக்கும் இடையே உள்ள தூரம். தகுதிச் சான்றிதழ் வாங்கியாகிவிட்டது என்பதால் வண்டி நேராகப் போகும் என்று நம்பிவிட முடியாது.

நான் சொல்லும் வரிசைக்கு வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. ஜீப்பைத் தயாரித்து வந்த கைசர் ஜீப் நிறுவனத்தை 1970இல் அமெரிக்கன் மோட்டார்ஸ் வாங்கியது. 1972ஆம் ஆண்டின் சிஜே-5இல் அவர்கள் ஸ்டீயரிங்கை அடியோடு மாற்றினார்கள். ராஸ் பாக்ஸ் போய் சாகினா பாக்ஸ் வந்தது. அதில் உருளைக்கும் நட்டுக்கும் இடையே எஃகுக் குண்டுகள் உருண்டு சுற்றி வரும். வழுக்கும் உராய்வு உருளும் உராய்வாக மாறியதால் கைக்கு இலகு, தேய்மானமும் குறைவு. 1940இலேயே கெடிலாக் கார்களில் வந்துவிட்ட நுட்பம் அது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. பெல் கிராங்க் நீக்கப்பட்டது. பாக்ஸிலிருந்து குறுக்காக ஓடி எதிர்ப்பக்கச் சக்கரத்தின் கையைப் பிடிக்கும் ஒரு டிராக் லிங்க், இரண்டு சக்கரங்களையும் நேரடியாகக் கட்டும் ஒரே நீள டை ராடு, அவ்வளவுதான். ஏழு மூட்டுகள் நான்காகக் குறைந்தன. இரண்டு சக்கரங்களுக்கும் இடையே இருந்த நான்கு பந்துமுனைகள் இரண்டாயின. பவர் ஸ்டீயரிங் அதற்கு மேல் விரும்பினால் வாங்கிக்கொள்ளும் கூடுதல் வசதியாக வைக்கப்பட்டது. கட்டாயமாக எல்லா வண்டிக்கும் கிடைத்தது மூட்டுகளின் குறைப்பு, விருப்பமாகக் கிடைத்தது விசை. தயாரித்தவர்களே இந்த வரிசையில்தான் போயிருக்கிறார்கள்.

இனி எதிர்வாதத்துக்கு வருகிறேன். அது வலுவான வாதம், அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கொல்லிமலைக்கு ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. ஒவ்வொரு வளைவிலும் பவர் இல்லாத ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து முழுக்கத் திருப்ப வேண்டும். நாளுக்கு இரண்டு நடை ஓட்டும் ஓட்டுநரின் தோளும் மணிக்கட்டும் என்ன பாடுபடும்? களைத்த ஓட்டுநர் வளைவைத் தாமதமாக ஒடிப்பார், அதுவும் ஆபத்துதானே? ஆகவே பவர் ஸ்டீயரிங் ஆடம்பரம் இல்லை, பாதுகாப்பு என்கிறார்கள். களைப்பைப் பற்றிச் சொல்வது முழுக்க உண்மை. உழைக்கிறவரின் உடம்பை மிச்சப்படுத்தும் எந்தக் கருவியையும் நான் வரவேற்கிறேன். ஆனால் ஸ்டீயரிங் கனமாக இருப்பதற்குக் காரணம் என்ன என்று முதலில் கேட்க வேண்டும். கிரீஸ் காணாத கிங் பின் பேரிங், துருப்பிடித்த பெல் கிராங்க், பாக்ஸில் வற்றிப்போன எண்ணெய், அளவுக்கு மீறி அகலமான டயர், காற்றுக் குறைந்த முன்சக்கரம் ஆகியவை ஒவ்வொன்றும் பாரத்தைக் கூட்டும். நடுப்பகுதியின் ஆட்டத்தை மறைக்க ராஸ் பாக்ஸின் திருகை இறுக்கிவிடும் பழக்கம் இன்னொரு காரணம். நேராக ஓட்டும்போதுதான் முனைகள் அதிக நேரம் உரசுகின்றன என்பதால் அந்தப் பாக்ஸ் நடுவில்தான் முதலில் தேயும். நடுவுக்காக இறுக்கினால் ஓரங்களில் பிடித்துக்கொள்ளும், ஒடித்த ஸ்டீயரிங் தானாகத் திரும்பாது. இவற்றையெல்லாம் சரிசெய்த பிறகும் கனமாக இருந்தால், அப்போது பவர் ஸ்டீயரிங் கேட்பது நியாயம். முன்னதாகக் கேட்டால் நாம் நோய்க்கு மருந்து தராமல் வலிக்கு ஊசி போடுகிறோம்.

பவர் பாக்ஸ் எங்கே வேலை செய்கிறது என்று பாருங்கள். இன்ஜினின் பெல்ட்டில் சுற்றும் பம்ப் எண்ணெயை அழுத்துகிறது. ஓட்டுநர் வீலைத் திருப்பும்போது பாக்ஸின் வாயில் உள்ள மெல்லிய தண்டு சற்றே முறுகுகிறது. அந்த முறுக்கு ஒரு வால்வைத் திறக்க, எண்ணெய் அழுத்தம் உள்ளே இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பவர் ஸ்டீயரிங்கை 1920களில் உருவாக்கிக் காட்டியவர் பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர். கார்களில் விற்பனைக்கு வந்தது 1951இல், கிரைஸ்லர் இம்பீரியலில். இந்த உதவி முழுவதும் டிராப் ஆர்முக்கு மேலே நிகழ்கிறது. அதற்குக் கீழே உள்ள மூட்டுகளில் இருக்கும் ஆட்டத்தில் ஒரு மில்லிமீட்டரைக்கூட அது குறைக்காது. குறைக்காதது மட்டுமில்லை, மறைத்தும் விடும். பவர் இல்லாத ஸ்டீயரிங்கில் தளர்ந்த மூட்டின் உதையும் பள்ளத்தின் அடியும் ஓட்டுநரின் உள்ளங்கைக்கு வந்து சேர்கின்றன. தினமும் ஓட்டும் கை அந்த மாற்றத்தைக் கண்டுபிடித்துவிடும். எண்ணெய் அழுத்தம் அந்தச் செய்தியை நடுவழியில் விழுங்கிவிடுகிறது. வண்டி இலகுவாகிவிட்டது என்று மகிழும் வேளையில், பந்துமுனை தன் கூட்டிலிருந்து கழலும் நாளை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும்.

இன்னொரு விளைவும் உண்டு. மனிதக் கைக்கு ஓர் எல்லை இருந்தது. கல்லுக்கும் பாறைக்கும் இடையே சக்கரம் மாட்டிக்கொண்டால் கை தோற்றுப்போகும், ஓட்டுநர் ரிவர்ஸ் எடுப்பார். பம்ப் தோற்பதில்லை. அது தள்ளும், பாறை அசையாது, ஆகவே இடையில் உள்ள பலவீனமான பாகம் வளையும். மெல்லிய டை ராடை எடுத்துவிட்டுத் தடித்ததைப் போட்டால், விசை டிராப் ஆர்முக்குப் போகும். அதையும் மாற்றினால் பாக்ஸைப் பிடித்திருக்கும் சாசிக்குப் போகும். பழைய ஜீப்பின் சாசியோ பல ஆண்டுகளாக மழையும் சேறும் தின்றது. போல்ட் துளைகளைச் சுற்றி முதலில் மயிரிழை போல் விரிசல் விடும். மண்ணும் எண்ணெயும் படிந்த இடம் என்பதால் யாரும் பார்க்க மாட்டார்கள். ஆகவே பாக்ஸை மாற்றுகிறவர் அந்தத் தகட்டைச் சுரண்டித் துடைத்து விரிசல் இருக்கிறதா என்று தேட வேண்டும், உள்ளிருந்து தகடு வைத்து வலுப்படுத்த வேண்டும், பெட்டி வடிவச் சாசியானால் போல்ட் இறுக்கும்போது சுவர் நசுங்காதபடி உள்ளே எஃகுக் குழாய் செருக வேண்டும். இந்த வேலைக்கு விளம்பரம் கிடையாது, வெளியே தெரியவும் தெரியாது. பவர் ஸ்டீயரிங் வேலையில் பாதி இதுதான் என்று நான் சொல்வேன். இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியை உருட்டும் வழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். அது எந்த வண்டியிலும் தவறு. பவர் பொருத்திய வண்டியில் இன்ஜின் நின்றதும் பம்ப் நிற்கும், வளைவின் நடுவில் ஸ்டீயரிங் திடீரெனக் கல்லாகிவிடும். பவர் பொருத்தித் தரும் மெக்கானிக் சாவியைக் கொடுக்கும் முன் ஓட்டுநரிடம் இதைச் சொல்வது அவர் கடமை.

மலை ஓட்டுநர்கள் வாப்ளிங் என்று சொல்லும் நடுக்கத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஒரு குழியில் இறங்கியதும் முன்சக்கரங்கள் இரண்டும் வெறி பிடித்ததுபோல் இடமும் வலமும் அடித்துக்கொள்ளும், வண்டியை ஏறக்குறைய நிறுத்தினால்தான் அடங்கும். ஒரே இரும்பு அச்சில் இரண்டு சக்கரங்களும் கட்டப்பட்ட வண்டிகளின் பிறவிக்குணம் அது. மூட்டுகள் இறுக்கமாக இருக்கும்வரை தூங்கும், தளர்ந்தால் எழும். ஸ்டீயரிங் டேம்பர் ஒன்றை வாங்கி மாட்டினால் நடுக்கம் நின்றுவிடுவது உண்மைதான். சில மாதங்களில் டேம்பர் தேய்ந்ததும் முன்னைவிட மோசமாகத் திரும்பி வரும், ஏனெனில் இடைப்பட்ட காலத்தில் மூட்டுகள் மேலும் தேய்ந்திருக்கும். கிங் பின் பேரிங்குகளின் ஷிம்களைக் குறைத்து, ஸ்பிரிங் தராசால் இழுத்துப் பார்த்து, சரியான இறுக்கத்துக்குக் கொண்டுவருவதுதான் அடிப்படை வைத்தியம். சக்கரங்களின் பேலன்ஸ் அடுத்தது. மூன்றாவது, அச்சின் கோணம். வில்லிஸ் வழி ஜீப்புகளில் கேஸ்டர் 3 டிகிரி என்று வைத்திருந்தார்கள். கிங் பின் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அந்தச் சிறு சாய்வுதான் விட்ட ஸ்டீயரிங்கை நேராக்குகிறது. வண்டியை உயர்த்துவதற்காக நீண்ட ஷேக்கிள் மாட்டும்போது, அது ஸ்பிரிங் பட்டையின் எந்த முனையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அச்சு சுழன்று இந்தச் சாய்வு குறையவோ கூடவோ செய்யும். குறைந்தால் வண்டி சாலையில் அலையும். பட்டைக்கும் அச்சுக்கும் இடையே ஆப்பு வடிவத் தகடு வைத்துச் சரிசெய்யலாம், ஆனால் அப்போது முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஜாயிண்ட்டின் கோணம் மாறும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். உயர்த்தும்போது டிராக் லிங்க் சரிவாகிவிடும், பட்டை ஒவ்வொரு முறை அமுங்கும்போதும் சக்கரம் தானாகக் கொஞ்சம் திரும்பும். பிழைப்புக்கு ஓடும் வண்டியை உயர்த்தாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. உயரத்தால் கிடைக்கும் அழகை ஏற்றிச் செல்லும் ஆட்களுக்காக விட்டுக்கொடுக்கலாம்.

"இதெல்லாம் கம்பெனிப் பேச்சு, எங்கள் பட்டறையில் டிராப் ஆர்மைக் காய்ச்சி வளைத்து எத்தனையோ ஜீப் ஓடுகிறது" என்பது அடுத்த மறுப்பு. நம் பட்டறைகளின் கைத்திறனை நான் மதிக்கிறேன். உதிரிபாகம் கிடைக்காத காலத்தில் இந்த வண்டிகளை உயிரோடு வைத்திருந்தவர்கள் அவர்கள்தான். ஆனால் டிராப் ஆர்மும் ஸ்டீயரிங் கைகளும் சம்மட்டியால் அடித்து உருவாக்கி, வெப்பப் பதம் கொடுத்த எஃகு. சிவக்கக் காய்ச்சினால் அந்தப் பதம் போய்விடும். வெல்டிங் வைத்தால் ஓரத்தில் உடையத் தயாரான ஒரு வளையம் உருவாகும். ஓடுகிறது என்பது இதற்குச் சான்றாகாது, ஏனெனில் உலோகக் களைப்பால் வரும் விரிசல் ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டே வளர்ந்து, முறிகிற நாளில்தான் தெரியவரும். ஸ்டீயரிங்கில் முறிவுக்கு இரண்டாவது வாய்ப்பு இல்லை. பிரேக் போனால் கியரைக் குறைக்கலாம், ஹேண்ட் பிரேக் இழுக்கலாம். டிராக் லிங்க் கழன்றால் செய்ய ஒன்றுமில்லை. பந்துமுனையின் கூம்பு அதன் துளையில் முழுப்பரப்பும் ஒட்டி உட்கார வேண்டும். வேறு வண்டியின் டை ராடு எண்டைப் போடுவதற்காக நேர்த்துளை போட்டு நட்டால் இறுக்குவது கொலைக்குச் சமம் என்றே சொல்வேன். கூம்பு ரீமர் வைத்துத் துளையைப் பொருத்த நம் லேத் பட்டறைகளால் நிச்சயம் முடியும். ஸ்பிளிட் பின்னுக்கான துளை நேராகவில்லை என்றால் நட்டை அடுத்த வெட்டுவரை இறுக்க வேண்டும், தளர்த்தக்கூடாது. பழைய பின்னை நிமிர்த்தி மீண்டும் போடக்கூடாது.

சட்டத்தைப் பற்றிய ஐயமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதற்கு முரணாகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஒரு வகையில் இது என் வாதத்துக்குத் துணையே. தேய்ந்த மூட்டை அதே அளவுள்ள புதிய மூட்டால் மாற்றுவதும், பேரிங்கை இறுக்குவதும், கோணத்தைத் தயாரிப்பாளரின் அளவுக்கு மீட்பதும் மாற்றமே ஆகாது, பராமரிப்பு. சாசியில் துளையிட்டு வேறு பாக்ஸ் வைக்கும் கட்டம் வரும்போதுதான் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுத் தெளிவு பெற வேண்டியிருக்கும்.

கடைசியாகப் பணம். சீசனுக்குத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் பிழைக்கும் உரிமையாளரிடம் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றச் சொல்ல முடியாது என்பதை நான் அறிவேன். அதனால்தான் வரிசை முக்கியமாகிறது. செலவே இல்லாத சோதனை ஒன்று உண்டு. வண்டியை ஜாக்கியில் ஏற்றாமல், சக்கரம் தரையில் அழுந்தியிருக்க, ஒருவர் ஸ்டீயரிங்கைச் சிறிது சிறிதாக இடமும் வலமும் அசைக்க வேண்டும். மற்றவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டின் மேலும் விரலை வைக்க வேண்டும். இரண்டு பாகங்களுக்கும் நடுவே விரல் உணரும் நழுவல் எங்கே இருக்கிறதோ அங்கே முதல் பணம் போக வேண்டும். பிறகு முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கிங் பின்னும் வீல் பேரிங்கும் தங்கள் நிலையைச் சொல்லிவிடும். நான்கு டை ராடு எண்டுகள், டிராக் லிங்கின் உள்ளுறுப்புகள், பெல் கிராங்கின் தண்டும் புஷ்ஷும், கிங் பின் பேரிங்குகள் ஆகியவை பவர் ஸ்டீயரிங்குக்கு ஆகும் செலவில் ஒரு பகுதிக்குள் அடங்கிவிடும். அந்தச் சிறு தொகையையும் உரிமையாளர் மட்டும் சுமக்க வேண்டியதில்லை. வண்டி நேரத்துக்கு வந்தால் பறிப்பு நடக்கிறது, பறிப்பு நடந்தால் தோட்டத்துக்கு வருமானம். ஆள் ஏற்றிவரும் ஜீப்புகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறை, பருவமழைக்கு முன், இந்தச் சோதனையைத் தோட்ட நிர்வாகமே தன் செலவில் செய்து, தேய்ந்த மூட்டுகளை மாற்றித் தர வேண்டும் என்று அவர்களிடம் கேட்பதற்கு எல்லா நியாயமும் இருக்கிறது. கூலி ஒப்பந்தம் பேசும் நாளில் வண்டி வாடகையோடு சேர்த்து இதையும் தொழிற்சங்கங்கள் எழுதி வாங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.